தன் பெயரில் எழுத முடியாத நிலம்

பழைய பத்திரங்களைப் படித்துக் கருத்து எழுதித் தருவது என் பிழைப்பு. தாய்ப்பத்திரம் எங்கே தொடங்குகிறது, நடுவில் எத்தனை கை மாறியது, எவராவது கையெழுத்துப் போடாமல் விட்டிருக்கிறாரா, வில்லங்கம் ஏதும் தொங்குகிறதா என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டிய வேலை. வீட்டுமனைக்கும் தோப்புக்கும் செய்வதை ஓர் ஊருக்கே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியதன் விளைவுதான் இது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டிலுக்கும் போர்ட்லண்டுக்கும் ஏறக்குறைய நடுவழியில், சென்ட்ரேலியா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. யார் உண்டாக்கிய ஊர் என்று அங்கே கேட்டால் ஜார்ஜ் வாஷிங்டன் என்பார்கள். முதல் குடியரசுத் தலைவர் இல்லை, அதே பெயர் கொண்ட ஒரு கறுப்பினத்தவர். ஆனால் ஊர் நிற்கும் நிலத்தின் மூலத்தைத் தேடினால் முதலில் வருவது ஜேம்ஸ் கோக்ரன், அன்னா கோக்ரன் என்ற வெள்ளைத் தம்பதியின் பெயர். மரம் வெட்டியதும் குடிசை போட்டதும் உழுததும் ஒருவர். அரசாங்கத் தாளில் இருந்தது வேறு இருவர். இதற்கு நம்மிடம் ஒற்றைச் சொல் இருக்கிறது: பினாமி.

பினாமி என்றதும் வரியை ஏமாற்றியவர், லஞ்சப் பணத்தைப் பதுக்கியவர் என்றுதான் மனம் போகும். இந்த மனிதர் பினாமி வைத்ததற்குக் காரணம், தான் சொந்தமாக உழைத்த நிலத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளச் சட்டம் விடாதது.

பிறப்பிலேயே ஒரு சட்டப்பிரச்சினை

1817 ஆகஸ்ட் 15 அன்று வர்ஜீனியாவின் ஃப்ரெடெரிக் கவுண்டியில் பிறந்தார். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி, அதன் தலைநகர் வின்செஸ்டர். மற்ற ஜார்ஜ் வாஷிங்டன், அதாவது பெயருக்குரியவர், வாலிபத்தில் நில அளவைக்காரராகச் சங்கிலி இழுத்துத் திரிந்ததும் அதே வின்செஸ்டரை மையமாக வைத்துத்தான். முதல்முறை சட்டமன்றத்துக்குத் தேர்வானதும் அந்தக் கவுண்டியிலிருந்துதான், 1758இல். நிலமும் அளவைக்கல்லும் அந்தப் பெயரோடு ஒட்டிப் பிறந்தவை போலும்.

குழந்தையின் தந்தை அடிமை. தாய் ஆங்கிலேய வழியில் வந்த வெள்ளைப் பெண். வர்ஜீனியாவில் 1662 முதல் ஒரு விதி உண்டு: பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. அடிமைப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளையெல்லாம், அப்பன் எசமானாகவே இருந்தாலும், அடிமையாகவே வைத்துக்கொள்ளப் போட்ட விதி. லட்சக்கணக்கானவர்களின் கழுத்தில் நுகத்தடி பூட்டிய அதே விதி இந்த ஒரு குழந்தையை விடுதலையானவனாக ஆக்கிவிட்டது. தந்தையோ விற்கப்பட்டு வேறிடம் போய்விட்டார். தாய் குழந்தையைக் கோக்ரன் தம்பதியிடம் ஒப்படைத்தார். அவர்கள் அவனைச் சொந்தப் பிள்ளையாகவே வளர்த்தார்கள். முதலில் ஒஹாயோ, அப்புறம் மிசௌரி என்று மேற்கே மேற்கே குடும்பம் நகர்ந்தது.

மிசௌரி அடிமை மாநிலம். 1847இல் கறுப்பருக்கு எழுத்தறிவு புகட்டுவதே குற்றம் என்று அங்கே சட்டம் போட்டார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே இவர் வீட்டிலேயே படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டிருந்தார். தோல் பதனிடுதல், தையல், நெசவு, மாவு மில், சாராயம் வடித்தல், துப்பாக்கி பழுதுபார்த்தல், சமையல் என்று கையில் பிடிபடாத வேலை இல்லை. ஆறடி உயரம், நல்ல பலசாலி என்கிறார்கள்.

இந்தக் காலத்தில் நடந்த ஒன்றை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். செயின்ட் ஜோசப் நகரில் ஒரு மரம் அறுக்கும் மில்லை எடுத்து நடத்தினார். ஒருவன் பலகை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் கை விரித்தான். கோர்ட்டுக்குப் போனார். கறுப்பன் வழக்குப் போட முடியாது என்று அங்கே பதில் வந்தது. சரக்குப் போனது உண்மை, பாக்கி இருப்பதும் உண்மை. கேட்கும் வாய்க்குத்தான் சட்டத்தில் இடமில்லை. பிறகு அந்த மாநிலச் சட்டமன்றமே தனிச் சட்டம் ஒன்று இயற்றி, ஓட்டுரிமை தவிர மற்ற குடியுரிமைகளில் பெரும்பாலானவற்றை இவர் ஒருவருக்கு மட்டும் வழங்கியது. ஒரு மனிதன் தன் மில்லை நடத்த ஒரு மாநிலமே கூடிக் கைதூக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தச் சலுகையும் அவர் வேறு மாநிலத்துக்குள் கால் வைத்தால் செல்லாது.

ஒரு கையெழுத்தின் விலை 640 ஏக்கர்

1850 மார்ச்சில் கோக்ரன் தம்பதியும் அவரும் மாட்டு வண்டித் தொடரில் சேர்ந்து ஒரிகான் பிரதேசத்துக்குப் புறப்பட்டார்கள். ஏறக்குறைய நான்கு மாதப் பயணம். கோக்ரன்களுக்கு அப்போதே நல்ல வயசு. வளர்ப்பு மகனுக்கு 32. இந்தப் பயணத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கும், ஆனால் நமக்கு வேண்டியது போய்ச் சேர்ந்த தேதிதான். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த ஆண்டு செப்டம்பர் 27இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரிகான் நிலக்கொடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1850 டிசம்பர் 1க்கு முன் அங்கே குடியேறிய ஆண் ஒருவருக்கு 320 ஏக்கர், மனைவி இருந்தால் அவருக்கும் அவர் பெயரிலேயே இன்னொரு 320. தம்பதிக்கு மொத்தம் 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல். அந்தத் தேதிக்குப் பின் வந்தவர்களுக்கு இதில் பாதிதான். நான்கு ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். காசு எதுவும் கட்ட வேண்டாம். மனைவிக்குத் தனிப் பங்கு எழுதியது அந்தக் காலத்துக்கு முற்போக்கானது என்று பாராட்டுவார்கள், பாராட்டலாம். அதே சட்டம் யாருக்கெல்லாம் நிலம் என்பதையும் தெளிவாக எழுதிவைத்தது: வெள்ளையருக்கும், வெள்ளையருக்கும் பூர்வகுடியினருக்கும் பிறந்த கலப்பினத்தவருக்கும். கறுப்பருக்கு ஒரு சென்ட்கூட இல்லை.

நிலம் இல்லை என்பதோடும் நிற்கவில்லை. 1849இல் ஒரிகான் பிரதேசச் சட்டமன்றம் கறுப்பர் எவரும் பிரதேசத்துக்குள் வந்து தங்கக்கூடாது என்று தடை போட்டிருந்தது. அதற்கு முன்பே, 1844இல், போகாத கறுப்பருக்குச் சவுக்கடி என்று ஒரு சட்டம் இயற்றி, அமலுக்கு வருமுன் திருத்திக்கொண்டவர்கள் அவர்கள். தாளோடு நின்ற மிரட்டல்தானே என்று நினைத்துவிட முடியாது. 1851இல் ஜேக்கப் வாண்டர்பூல் என்ற கறுப்பின வியாபாரியை அந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தி, பிரதேசத்தைவிட்டே வெளியேற்றினார்கள். நம்மவர் அப்போது ஒரிகான் சிட்டி பக்கம் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். செய்தி காதில் விழாமல் இருந்திருக்குமா?

அடுத்து அவர் செய்தது வடக்கே போனது. கொலம்பியா ஆற்றைத் தாண்டி, கவுலிட்ஸ் ஆற்றுத்துறையிலிருந்து பியூஜெட் கடற்கழிக்குப் போகும் பாதையில், செஹாலிஸ் ஆற்றில் ஸ்கூகம்சக் ஆறு வந்து விழும் இடம். ஸ்கூகம்சக் என்பது அந்தக் கரையில் பூர்வகுடிகளும் வணிகர்களும் கலந்து பேசிய சினூக் கலப்பு மொழிச் சொல். ஸ்கூகம் என்றால் வலியது, சக் என்றால் நீர். வெள்ளச் சமவெளி, கறுத்த மண், சுற்றிலும் ஆகாயம் முட்டும் மரம். அங்கே குடிசை போட்டுக் காட்டைத் திருத்தினார்.

வடக்கே போவதில் ஒரு கணக்கு இருந்தது. ஒரிகான் சட்டத்தின் கை அங்கே அவ்வளவு எட்டாது. இதே கணக்கைப் போட்டு ஆறேழு ஆண்டு முன்பே அங்கே போனவர் ஜார்ஜ் புஷ் என்ற இன்னொரு கறுப்பினத்தவர். இன்றைய டம்வாட்டர் ஊரை உண்டாக்கிய கூட்டத்தில் முக்கியமானவர். அவர் பினாமி வைக்கவில்லை. பண்ணை செய்தார், பஞ்ச காலத்தில் அண்டை அயலாருக்குத் தானியம் கொடுத்தார், அந்த அயலார் எல்லாரும் சேர்ந்து மனுப் போட்டார்கள். 1855இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர் ஒருவருக்காகத் தனிச் சட்டம் போட்டு 640 ஏக்கரை உறுதி செய்தது.

புஷ்ஷுக்கு அந்த அவகாசம் கிடைத்தது, வாஷிங்டனுக்குக் கிடைக்கவில்லை. அவர் திருத்திய நிலத்தின்மேல் வெள்ளையர் கண் விழுந்துவிட்டது என்று தெரிந்தது. சட்டப்படி அவர்கள் வந்து மனுக் கொடுத்தால் நிலம் அவர்களுடையது. குடிசையும் வேலியும் திருத்திய வயலும் சேர்ந்தே போகும். அவர் கோக்ரன்களிடம் ஓடினார். அவர்கள் வந்து தங்கள் பெயரில் 640 ஏக்கருக்கு மனுக் கொடுத்தார்கள். 1850 டிசம்பர் 1க்கு முன்பே வந்து சேர்ந்த தம்பதி ஆயிற்றே, முழுப் பங்கும் கிடைத்தது. நான் தேதியைப் பிடித்துக்கொண்டு நின்றதன் காரணம் இதுதான். நாலு மாத மாட்டுவண்டிப் பயணம் இன்னும் ஐந்து மாதம் தள்ளிப் போயிருந்தால் பாதி ஊர்தான் மிஞ்சியிருக்கும்.

1853 மார்ச் 2இல் கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே உள்ள பகுதி ஒரிகானிலிருந்து பிரிந்து தனிப் பிரதேசமானது. குடியேறியவர்கள் கேட்டது கொலம்பியா என்ற பெயர். நாடாளுமன்றத்தில் ஒருவர் எழுந்து வாஷிங்டன் என்று வைக்கலாமே என்றார். அப்படியே ஆனது. எனவே வாஷிங்டன் என்ற கறுப்பர், வாஷிங்டன் என்ற பிரதேசத்தில், வாஷிங்டன் என்ற பெயரில் நிலம் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. ஒரிகானின் நிலத்தடை புதிய பிரதேசத்தில் இல்லை. நான்கு ஆண்டுக் கெடு முடிந்ததும் கோக்ரன் தம்பதி நிலத்தை அவருக்குக் கிரயம் செய்துகொடுத்தார்கள். விலை 3,200 டாலர்.

இந்தத் தொகையில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். 3,200ஐ 640ஆல் வகுத்தால் ஏக்கருக்குச் சரியாக 5 டாலர். அன்றைக்கு அரசாங்கம் பொதுநிலத்தை விற்ற விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர். பெற்ற பிள்ளையைப்போல் வளர்த்தவர்கள், அவன் உழைத்த நிலத்தையே அவனுக்கு நாலு மடங்கு விலைக்கா விற்றார்கள்? மேலோட்டமாகப் படித்தால் கோபம் வரும். பத்திரம் படிக்கிறவன் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிகிறது. தானமாக எழுதியிருந்தால், நாளைக்கு எவனாவது ஒரு உறவுக்காரன் வந்து, கிழவனையும் கிழவியையும் ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டான் என்று வழக்குப் போடலாம். முழு விலை கொடுத்து வாங்கிய கிரயத்தை அசைப்பது கடினம். முதிர்ந்த பெற்றோருக்குக் கடைசிக் காலத்தில் கையில் காசு. மகனுக்கு அசைக்க முடியாத பத்திரம். இது என் ஊகம்தான். ஆனால் மில்லில் பலகையைக் கொடுத்துவிட்டுக் காசை இழந்தவர், தாளில் ஓட்டை இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பார்க்கப்படாத வில்லங்கம்

வில்லங்கச் சான்றிதழில் எப்போதும் வராத ஒன்று இருக்கிறது. அந்த ஆற்றுச் சந்தியில் காலங்காலமாக மீன் பிடித்தும், கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள் மேல்-செஹாலிஸ் என்ற பூர்வகுடி மக்கள். அவர்களிடம் எவரும் எழுதி வாங்கவில்லை. நிலக்கொடைச் சட்டம் 1850இல் ஊரான் நிலத்தைப் பங்கு போடத் தொடங்கியபோது, வடக்குப் பகுதியில் ஒரு பூர்வகுடியிடம்கூட உடன்படிக்கை போட்டு முடிக்கவில்லை. முதலில் விற்பனை, பிறகு கொள்முதல் என்ற வரிசை.

1855 பிப்ரவரியில் பிரதேச ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் செஹாலிஸ் ஆற்றங்கரையில் கூட்டம் கூட்டினார். எல்லாக் குலங்களையும் கடலோரத்தில் ஒரே ஒதுக்கிடத்தில் அடைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். செஹாலிஸ் மக்கள் மறுத்தார்கள். ட்லேயுக் என்ற இளந்தலைவருக்கு ஆளுநரே முன்பு ஓர் அங்கீகாரத் தாள் கொடுத்திருந்தார். பேச்சு முறிந்ததும், கூட்டத்தின் நடுவில் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டார். உடன்படிக்கை கையெழுத்தாகவே இல்லை. 1864இல் ஆற்றின் கீழ்ப்போக்கில் சுமார் 4,000 ஏக்கரை அரசாங்க உத்தரவால் ஒதுக்கி, அதோடு கணக்கை முடித்துவிட்டார்கள்.

வாஷிங்டனைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, விட்டுவிடவும் மனசு வரவில்லை. ஒரு சட்டம் ஒருவரைப் பினாமிக்குத் துரத்தியது, அதே சட்டம் அவர் காலடியில் இருந்தவர்களைக் கேட்காமல் நிலத்தைத் தூக்கிக் கொடுத்தது. தாய்ப்பத்திரத்துக்கு முந்திய தாயை யாரும் தேடுவதில்லை.

பத்து டாலர் மனை, நூறு டாலர் வீடு

அடுத்த இருபது ஆண்டு பண்ணை வாழ்க்கை. வளர்த்தவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டும்வரை கல்யாணம் இல்லை. 1869இல் மேரி ஜேன் கூனஸ் என்ற விதவையை மணந்தார். கறுப்பின, யூதக் கலப்பு வழியில் வந்தவர். ஸ்டேசி என்ற மகனோடு வந்தார். அந்தப் பையனையும் வாஷிங்டன் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். வளர்ப்பு மகனாக வளர்ந்தவருக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது?

1872இல் நார்தர்ன் பசிபிக் ரயில்பாதை அவர்கள் நிலத்தின் வழியே வந்தது. கொலம்பியா ஆற்றங்கரையில் கலாமா, கடற்கழியில் டகோமா. இரண்டுக்கும் நடுவில் இவர்கள் பண்ணை. நடு என்றால் நின்று தண்ணீர் பிடித்து, சாப்பிட்டு, சரக்கேற்றிப் போகும் இடம். கணவனும் மனைவியும் கலந்து பேசி, ஊர் போடுவது என்று முடிவெடுத்தார்கள். 1875 ஜனவரி 8 அன்று மனைப்பிரிவு வரைபடத்தை இருவருமாகப் பதிவு செய்தார்கள். ஊருக்குப் பெயர் சென்டர்வில், நடு ஊர். (அதே பிரதேசத்தில் இன்னொரு சென்டர்வில்லும் இருந்ததால் தபால் அங்கும் இங்கும் மாறிப் போய்ப் பெரிய ரகளை. 1883இல், இல்லினாய் மாநிலத்துச் சென்ட்ரேலியாவிலிருந்து வந்த ஒருவரின் யோசனைப்படி அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.)

இப்போது அவர் விற்பனையாளர். 1868இல் வந்த 14ஆம் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு குடிமகன். வழக்குப் போடவும் முடியும், கிரயம் எழுதவும் முடியும். ரயில் வந்த இடத்தில் நிலம் வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியாதா? கொடி கட்டி, கல் நட்டு, விலையை ஏற்றுவார். இவர் போட்ட விலை மனைக்கு 10 டாலர். கூடவே ஒரு நிபந்தனை: வாங்குகிறவர் அந்த மனையில் 100 டாலர் மதிப்புக்காவது வீடு கட்ட வேண்டும்.

நிபந்தனையில்தான் மூளை இருக்கிறது. விலை மட்டும் குறைவாக இருந்திருந்தால், கையில் காசுள்ள ஒருவன் வந்து நாற்பது மனையை மொத்தமாக மடக்கிப் போட்டு, முள்செடி முளைக்க விட்டுவிட்டு, விலையேறக் காத்திருப்பான். எந்த மனைப்பிரிவிலும் பாதி இடம் இப்படித்தான் செத்துக் கிடக்கும். நிலத்துக்குப் பத்து, கட்டடத்துக்கு நூறு என்று வைத்ததும் அந்தக் கணக்குத் தலைகீழாகிறது. நாற்பது மனை வாங்குபவன் 400 டாலரோடு தப்ப முடியாது, 4,000 டாலருக்கு வீடு கட்டியாக வேண்டும். ஒரே ஒரு மனை வாங்கிக் குடும்பத்தோடு குடியேற நினைப்பவருக்கோ அந்த நூறு டாலர் சுமையே இல்லை, எப்படியும் வீடு கட்டத்தானே வருகிறார்? நிலத்தை விற்காமல் குடித்தனத்தை விற்றார் என்று சொல்லலாம். அவரிடம் மிச்சமிருந்த மனைகளின் மதிப்பை ஏற்றியது பக்கத்து மனையில் எழும்பிய வீடு. ஆகவே இதை வெறும் தருமம் என்று சொன்னால் அவர் புத்தியைக் குறைத்துச் சொன்னதாகும்.

தருமமும் இருந்தது. பாப்டிஸ்ட் சபைக்கு மாதாகோயில் கட்ட இடம், ஊர் மயானத்துக்கு இடம், நடுவில் பொதுச் சதுக்கத்துக்கு இடம், எல்லாம் இலவசம். அந்தச் சதுக்கம் இன்று ஜார்ஜ் வாஷிங்டன் பூங்கா. அதன் பின்கதை கொஞ்சம் விசித்திரமானது. 1919 நவம்பர் 11 அன்று, உலகப்போர் முடிந்த முதலாண்டு ஊர்வலத்தில், முன்னாள் படைவீரர் சங்கத்துக்கும் ஐ.டபிள்யூ.டபிள்யூ. தொழிற்சங்கத்துக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டு நான்கு படைவீரர் இறந்தார்கள். அன்றிரவு வெஸ்லி எவரெஸ்ட் என்ற மரம்வெட்டித் தொழிலாளியைச் சிறையிலிருந்து இழுத்துப்போய்ப் பாலத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள். இறந்த படைவீரர்களுக்குப் பூங்காவில் 1924இல் சிலை எழுந்தது. ஊருக்கு வெளியே சென்ட்ரேலியா என்ற பெயரைக் கேட்டால் இன்றும் பலர் முதலில் சொல்வது இந்தக் கலவரத்தைத்தான். நிலம் கொடுத்தவருக்கும் அவர் மனைவிக்கும் அதே பூங்காவில் வெண்கலச் சிலை வந்தது 2018இல்.

ஊர் வளர்ந்தது. 1886இல் நகரசபை. 1889 நவம்பரில் வாஷிங்டன் முழு மாநிலமானது. மர மில்கள், கடைகள், 1890 கணக்கெடுப்பில் சுமார் 2,000 பேர். இதற்குள் மேரி ஜேன் இறந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய வயதில் சாரிட்டி பிரௌன் என்பவரை மணந்து, 1891இல் ஒரு மகனும் பிறந்தான். அந்த மணம் நீடிக்கவில்லை, முறிந்தது.

1893: பத்திரத்தைக் காப்பாற்றிய அரிசி மூட்டை

1893இல் அமெரிக்காவையே உலுக்கிய பண நெருக்கடி. வங்கிகள் வரிசையாக மூடின. ஆகஸ்ட்டில் நார்தர்ன் பசிபிக் ரயில் நிறுவனமே நொடித்துப்போய் நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்குப் போனது. மரத்துக்குக் கிராக்கி இல்லை, மில்கள் நின்றன. மரத்தையும் ரயிலையும் நம்பி நின்ற ஊருக்கு இரண்டு காலும் ஒரே நேரத்தில் முறிந்த மாதிரி. அக்கம்பக்கத்தில் எத்தனையோ குட்டி ஊர்கள் இந்த ஆண்டுகளில் பெயர் மட்டும் மிஞ்சிப் போயின.

அப்போது அவருக்கு 76 வயது. வண்டியைக் கட்டிக்கொண்டு ஆள் அனுப்பாமல் தானே கிளம்பினார் என்று ஊரில் சொல்வார்கள். போர்ட்லண்டிலிருந்து அரிசி, மாவு, சர்க்கரை மூட்டைகள் வந்து இறங்கின. அதோடு பன்றி இறைச்சியும் கொழுப்பும். போர்ட்லண்டுக்குப் போக வர ஏறக்குறைய 180 மைல். இல்லாதவர்களுக்கு இலவசமாகப் பங்கு. வேலை கேட்டவருக்குத் தன் நிலத்தில் வேலை. சிலருக்கு வட்டியில்லாக் கடன்.

ஆனால் ஊர் நின்றது அரிசியால் மட்டும் இல்லை என்பது என் அபிப்பிராயம். பசிக்கு ஒரு வாரம் சோறு போட்டாலும், வீடு ஏலத்துக்குப் போய்விட்டால் அடுத்த வாரம் குடும்பம் மூட்டை கட்டத்தான் வேண்டும். அவர் மனைத் தவணை பாக்கி வைத்தவர்களை நெருக்கவில்லை, கெடுவைத் தள்ளிக்கொண்டே போனார். கடனுக்கு ஏலம் வந்த சொத்துகளைத் தானே எடுத்து, குடியிருந்தவர்களை அங்கேயே இருக்கவிட்டார். செத்த ஊரில் ஏலம் எடுப்பவன் அடிமாட்டு விலைக்கு எடுப்பான், அது வியாபாரம். எடுத்தபின் ஆளை வெளியே தள்ளாமல் இருப்பது வேறு வகை. பெயரைத் தாளில் ஏற்ற ஆண்டுக்கணக்கில் அலைந்தவருக்குத் தாளிலிருந்து ஒரு பெயரை அடிப்பது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். 1900 கணக்கெடுப்பில் ஊரில் சுமார் 1,600 பேர்தான். பத்தாண்டில் ஐந்தில் ஒருவர் போய்விட்டார்கள்.  ஆனால் ஐந்தில் நால்வர் இருந்தார்கள். மர வியாபாரம் மீண்டபோது வந்து இறங்க வீதியும் வீடும் மாதாகோயிலும் உள்ள ஊர் ஒன்று இருந்தது. 1910இல் 7,000க்கு மேல்.

ஒரு வார்த்தை எச்சரிக்கையாக. இவரைப் பற்றி ஊரில் சொல்லப்படுவதெல்லாம் பெரும்பாலும் புகழாரம். வெள்ளையர் நிரம்பிய ஊரில், நல்ல கறுப்பர் ஒருவர் இருந்தார், எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தார் என்று சொல்லிக்கொள்வது சௌகரியம். கொடுத்ததைச் சொல்கிறவர்கள், கொடுக்கும் நிலைக்கு வருமுன் எத்தனை சட்டத்தை அவர் சுற்றி வளைத்து வர வேண்டியிருந்தது என்பதைச் சுருக்கமாகத்தான் சொல்வார்கள். கொலம்பியா ஆற்றுக்குத் தெற்கே ஒரிகானில், கறுப்பர் வந்து தங்கக்கூடாது என்ற வரி 1926 வரை மாநில அரசியல் சட்டத்திலேயே இருந்தது. அவர் இறந்து இருபத்தொரு ஆண்டுக்குப் பிறகுதான் அதை எடுத்தார்கள். அவருடைய ஊரிலிருந்து ரயில் ஏறினால் அரை நாள்கூட ஆகாது அந்த எல்லைக்கு.

1905 ஆகஸ்ட் மாதம். எண்பத்தெட்டாவது பிறந்தநாள் கழிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். அந்த வயதிலும் குதிரை வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனவர், வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். ஆகஸ்ட் 26 அன்று உயிர் பிரிந்தது. நகர மேயர் துக்க நாள் அறிவித்தார். கடைகளை அடைத்தார்கள். பாப்டிஸ்ட் மாதாகோயிலில் பிரார்த்தனை முடிந்து மயானத்துக்கு எடுத்துப்போனார்கள். இரண்டு இடத்துக்கும் மூலப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன்.